தினமும் ஒரு சுமைதாங்கி

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

பழைய சாலைகளின் ஓரத்தில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு நீண்ட கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதற்குச் சுமைதாங்கி என்று பெயர். தலைச்சுமையுடன் நடந்து வருகிறவர் பிறர் உதவி இல்லாமல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறிச் செல்வதற்காக நம் முன்னோர் செய்த ஏற்பாடு அது. வயிற்றில் குழந்தையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அக்கல்லை நடும் வழக்கம் இருந்தது. சுமைதாங்கி யாருடைய சுமையையும் போக்கிவிடுவதில்லை. இளைப்பாறியவர் அதே மூட்டையை மறுபடியும் தூக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் ஐந்து நிமிடம் இறக்கி வைத்தவருக்கு அடுத்த இரண்டு மைல் நடக்கும் தெம்பு வந்துவிடும்.

இன்று நம்மில் பெரும்பாலோர் தலையில் மூட்டை சுமப்பதில்லை. ஆனால் மனத்தில் சுமக்காதவர் யார்? மாணவிக்குப் பரீட்சை, அம்மாவுக்கு மாதக் கடைசி, அப்பாவுக்கு வேலை, ஆசிரியைக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு. இந்தச் சுமையைத் தினமும் சற்று நேரம் இறக்கி வைக்க ஓர் இடம் உண்டு என்பதையும், அதற்குக் காசு பணம் தேவையில்லை என்பதையும் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அந்த இடம்தான் உடற்பயிற்சி.

மனச்சுமை என்றால் என்ன?

‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லை இன்று எல்லோரும் சொல்கிறோம். இரும்பின்மீது ஏறும் பாரத்தைக் குறிக்கப் பொறியியலார் வழங்கிய அச்சொல்லை, மனித உடலுக்குப் பொருத்திப் பரவச் செய்தவர் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ அறிஞர். வியன்னாவில் பிறந்து கனடாவின் மாண்ட்ரீல் நகரில் ஆராய்ச்சி செய்த இவர், 1936-ஆம் ஆண்டு இதுபற்றிய தம் முதல் கட்டுரையை வெளியிட்டார்.

என் தந்தையார் பொன்மலை ரயில்வே பணிமனையில் பணியாற்றுகிறார். அவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “பாரம் ஏறினால் மட்டும் ஸ்பிரிங் கெட்டுப்போகாது பாப்பா. ஏறணும், இறங்கணும். ஏறின பாரம் இறங்காமலே நின்னாத்தான் ஸ்பிரிங் உட்கார்ந்துபோகும்” என்றார். பல பக்கங்களில் படித்ததை அப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றியது. கவலையே இல்லாத வாழ்க்கை யாருக்கும் கிடையாது. ஏறிய பாரம் தினமும் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

செல்யேவுக்கு முன்பே அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கேனன் என்ற அறிஞர் ஒரு வேடிக்கையான செய்தியைக் கண்டார். பூனைகளுக்கு உணவு கொடுத்து, எக்ஸ்ரே கருவியின் மூலம் அவற்றின் இரைப்பை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை அஞ்சினாலோ சினந்தாலோ அதன் இரைப்பை அசைவு உடனே நின்றுவிட்டது! அது அமைதியடைந்த பிறகே மறுபடியும் அசையத் தொடங்கியது. ஆபத்து வரும்போது உடல் சண்டையிடவோ தப்பி ஓடவோ தயாராகிறது என்று 1915-இல் வெளிவந்த தம் நூலில் அவர் விளக்கினார். சிறுநீரகங்களின்மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. இரத்தம் கை கால் தசைகளுக்கு விரைகிறது. ஜீரண வேலை ஒத்திவைக்கப்படுகிறது.

புலி துரத்தினால் இவை அனைத்தும் நம்மைக் காப்பாற்றும். ஆனால் கணக்குப் பரீட்சை துரத்தினால்? ஓடுவதற்காக உடல் முழுவதும் தயாராக நிற்கிறது; நாமோ பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம்! பரீட்சைக்கு முன் நெஞ்சு படபடப்பதும், உள்ளங்கை வியர்ப்பதும், வயிற்றைப் பிசைவதும் இதனால்தான். ஓடத் தயாரான உடலை ஓடவிடுவதே அதற்குச் செய்யும் நியாயம் அல்லவா?

என் அனுபவம்

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டு பயிற்சியைத் தொடங்கவில்லை. அது தற்செயலாக வந்தது.

சென்ற ஆண்டு ஜூலை மாதம் என் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி இருப்பது தெரியவந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, தினமும் அரை மணி நேரம் கை வீசி நடக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். மாத்திரையை அம்மா ஒருநாளும் தவறவிடவில்லை. நடக்க மட்டும் போகவில்லை. “நான் நாள் முழுக்க அடுக்களையில் நடந்துகொண்டுதானே இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்துத்தான் உண்மை வெளிவந்தது. “கையில் பையும் இல்லாமல், கடைக்கும் போகாமல், சும்மா தெருவில் நடந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?” என்று அம்மா மெல்லக் கேட்டார். ஆண்கள் எத்தனை பேர் மைதானத்தைச் சுற்றி வருகிறார்கள்! அவர்களை யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. ஒரு பெண் வேலை இல்லாமல் வெளியே வருவதற்கு மட்டும் காரணம் வேண்டியிருக்கிறது. அப்பா காலையில் பணிமனைக்குக் கிளம்ப வேண்டியவர். ஆகவே அம்மாவுக்குத் துணையாக நான் போவதென்று முடிவாயிற்று.

காலை ஐந்தேகாலுக்குக் கிளம்புவோம். எங்கள் ரயில்வே காலனியின் சாலைகளில் பெரிய பெரிய மரங்கள் உண்டு. அந்த நேரத்தில் பால்காரரையும் செய்தித்தாள் போடும் அண்ணனையும் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். முதல் வாரம் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாராவது எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்குவார். எனக்கோ தூக்கம் கலையாது. மூன்றாம் வாரத்தில் என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, அம்மாவின் நடைக்கு நான் ஈடுகொடுக்க முடியவில்லை! மூச்சு வாங்கக் கேட்டேன், “என்னம்மா, இவ்வளவு வேகமா?” என்று. அப்போதுதான் அம்மா சொன்னார்: “எட்டாவது படிக்கும்போது நூறு மீட்டரில் நான்தான் முதல் பரிசு.”

எனக்கு வியப்பாகிவிட்டது. எங்கள் வீட்டில் விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று உண்டு. சிறு வயது முதல் அதில்தான் எனக்குப் பால் தருவார்கள். அதன் பக்கத்தில் ஏதோ எழுத்துகள் தேய்ந்துபோய்க் கிடக்கும். அதுதான் அம்மா வாங்கிய பரிசாம்! “அப்புறம் ஏன் ஓடவில்லை?” என்று கேட்டேன். “ஒன்பதாவதில் தாவணி போட்டாச்சு. பெரிய பெண் ஓடக்கூடாது என்றார்கள் ஆயா” என்றார். அதை அம்மா வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வதுபோல் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சை என்னவோ செய்தது.

அம்மாவின் இரத்தச் சர்க்கரை மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, நடை ஆகிய மூன்றும் சேர்ந்து ஆறு மாதத்தில் கட்டுக்குள் வந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது எனக்கு நேர்ந்த மாற்றத்தை. ஆறாம் வகுப்பு முதல் பரீட்சை நாள் காலையில் எனக்கு ஒரு வாய் இட்லிகூட இறங்காது. வயிற்றைப் புரட்டும். இரவில் கண்ணை மூடினால் விடாமல் ஏதாவது ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருக்கும். துணைக்கென்று நடக்கப் போன மூன்று மாதத்தில், படுத்தவுடன் தூக்கம் வரத் தொடங்கியது. டிசம்பர் மாதம் அரையாண்டுத் தேர்வு. கணக்குப் பரீட்சை அன்று காலையில் நான் மூன்று இட்லி சாப்பிட்டேன். நான் கவனிக்கவில்லை, அம்மாதான் கவனித்துச் சொன்னார். பரீட்சை பயம் போய்விட்டதா என்றால் இல்லை. பயம் இருந்தது, ஆனால் இட்லிக்கும் இடம் இருந்தது!

இன்னொரு நன்மையும் உண்டு. வீட்டுக்குள் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச வராத விஷயங்கள், பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது தாமாக வந்துவிடுகின்றன. என் கவலை அம்மாவுக்கும் அம்மாவின் கவலை எனக்கும் தெரிந்தது அந்த அரை மணி நேரத்தில்தான்.

அறிஞர்கள் கண்ட உண்மைகள்

என் ஒருத்தியின் அனுபவத்தை வைத்து ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யலாகாது. ஆகவே அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

லண்டன் நகரில் ஓடிய மாடிப் பேருந்துகளைப் பற்றிய ஆராய்ச்சி மிகவும் புகழ் பெற்றது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் அதை 1953-இல் வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். ஒரே பேருந்து, ஒரே சாலை. ஆனால் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. உடல் உழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதற்கு அது முதல் பெரிய சான்றாக அமைந்தது. 1910-இல் பிறந்த டாக்டர் மாரிஸ் 2009-இல் தமது 99-ஆம் வயதில் காலமானார்.

இதயம் சரி, மனம்? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்து 1999-இல் வெளியாயிற்று. ஐம்பது வயதைக் கடந்து, கடும் மனச்சோர்வால் வருந்திய 156 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து. ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி. ஒரு பிரிவுக்கு இரண்டும். மருந்து உட்கொண்டவர்களுக்கு முதலில் விரைவாகக் குணம் தெரிந்தது. ஆனால் 16 வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தனர். இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பயிற்சிக்கும் மருந்து போன்ற ஆற்றல் உண்டு என்பதே நாம் அறிய வேண்டியது.

2011-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி மாணவிகளாகிய நமக்கு மிகவும் சுவையானது. 120 முதியவர்களில் பாதிப் பேர் ஓராண்டு ஒழுங்காக நடந்தனர். நினைவாற்றலுக்கு உரிய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி அவர்களுக்குச் சுமார் 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்த மற்றவர்களுக்கு அது சற்றுச் சுருங்கியிருந்தது. பாடத்தை நினைவில் வைப்பதற்கும் கால்களுக்கும் தொடர்பு உண்டு என்று யார் எண்ணியிருப்பார்கள்!

பயிற்சி எவ்வாறு மனத்தை இலேசாக்குகிறது? ஓடும்போதும் இதயம் படபடவென்று அடிக்கிறது. பிறகு தானே அடங்குகிறது. தினமும் இப்படி நடப்பதால், படபடப்பு ஆபத்தில்லை, அது அடங்கிவிடும் என்று உடல் கற்றுக்கொள்கிறது. இறுகிக் கிடந்த தோளும் கழுத்தும் தளர்கின்றன. வலியையும் சோர்வையும் தணிக்கும் எண்டார்ஃபின் முதலிய பொருள்கள் உடலுக்குள்ளேயே சுரக்கின்றன. இரவில் ஆழ்ந்த உறக்கம் வருகிறது. வளைப்பந்து நம் முகத்தை நோக்கிப் பறந்து வரும்போது நாளைய தேர்வைப் பற்றி யாரால் நினைக்க முடியும்? மனத்துக்கு அதுவே ஓய்வு.

இரும்புக் கன்னியாஸ்திரி

வயதாகிவிட்டது, இனிமேலா என்று தயங்கும் பெற்றோருக்காக ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் 1930-இல் பிறந்த அருட்சகோதரி மடோனா பூடர் தமது 48-ஆம் வயதில்தான் ஓடத் தொடங்கினார். ஓட்டம் உடல், மனம், ஆன்மா மூன்றையும் இசைவிக்கும் என்று ஒரு குருவானவர் சொன்னதே அதற்குக் காரணம். ‘அயர்ன்மேன்’ என்பது உலகின் கடினமான போட்டிகளுள் ஒன்று. சுமார் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, பிறகு 42 கிலோமீட்டர் ஓட வேண்டும். அனைத்தையும் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 2012-இல் கனடாவில் நடந்த போட்டியை அச்சகோதரி தமது 82-ஆம் வயதில் முடித்தார். மக்கள் அவரை அன்புடன் ‘இரும்புக் கன்னியாஸ்திரி’ என்று அழைக்கின்றனர். நம் சகோதரிகள் அடுத்த விளையாட்டு விழாவில் எங்களோடு ஓட வருவார்கள் என்று எதிர்பார்க்கலாம் அல்லவா!

எவ்வளவு, எப்படி?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பு வேண்டும். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது வேண்டும். அதாவது ஐந்து நாள், தினம் அரை மணி. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம்.

அறுபது நிமிடமா என்று மலைக்க வேண்டாம். பள்ளிக்கு நடந்து வருவதும், குடத்தில் தண்ணீர் எடுப்பதும், மாடிப்படி ஏறுவதும் கணக்கில் சேரும். தோழியர் இருந்தால் எறிபந்து, வளைப்பந்து, கோ-கோ ஆடலாம். வீட்டில் இடம் இல்லையென்றால் வாசலில் கயிறு தாண்டலாம். தம்பி தங்கைகளோடு பாண்டி ஆடலாம். மாதத்தில் களைப்பான அந்த நாட்களில் மெதுவாக நடந்தாலே போதும். பலருக்கு வயிற்றுவலி குறையும். சாப்பிட்டவுடன் ஓடக்கூடாது, தண்ணீர் குடிக்க மறக்கக்கூடாது. ஒரே நாளில் மூன்று மணி நேரம் ஆடிவிட்டு ஒரு வாரம் படுத்திருப்பதைவிட, தினமும் பத்து நிமிடம் மேல். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாச் சுமையும் நடந்தால் இறங்கிவிடாது. சில சுமைகளைக் கைகொடுத்துத்தான் இறக்க வேண்டும். பல நாள் உறக்கமின்றி அழுகையாக வந்தால், எதிலும் பிடிப்பில்லை என்று தோன்றினால், தோழியரே, அதை உள்ளேயே வைத்திருக்காதீர்கள். அம்மாவிடமோ, சிஸ்டரிடமோ, பிடித்த ஆசிரியையிடமோ சொல்லுங்கள். மருத்துவரிடம் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒரு விண்ணப்பம்

நான் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் உறவினர் ஒருவர் எங்கள் வீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். “தினம் அரை மணி என்றால் வருஷத்துக்கு நூற்றெண்பத்திரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் படித்தால் எத்தனை மார்க் கூடும்! இந்த ஒரு வருஷமாவது நடையை நிறுத்து” என்றார். கணக்குச் சரிதான். நான் பதில் பேசவில்லை. எப்போதும் பெரியவர்கள் முன் வாய் திறக்காத அம்மா அன்று பேசினார். “அண்ணே, அந்த அரை மணியை மட்டும் விட்டுவிடுங்க. மற்ற இருபத்து மூன்றரை மணி நேரமும் அவள் நன்றாக இருப்பது அதனால்தான்” என்றார். அந்த அண்ணன் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வரியை ஒரு மணி நேரம் படிப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லையே!

2019-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வின்படி, 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவரில் நூற்றுக்கு 81 பேர் போதிய அளவு ஓடியாடுவதில்லை. ஆண்களில் 78, பெண்களில் 85. இந்த 85 பேரில் எத்தனை பேர் வீட்டில் தேய்ந்துபோன பரிசு டம்ளர் இருக்கிறதோ!

ஆகவே பெற்றோர்களே, உங்கள் மகள் பத்தாம் வகுப்பு வந்துவிட்டாள், பெரிய பெண் ஆகிவிட்டாள் என்பதற்காக அவளுடைய விளையாட்டை நிறுத்திவிடாதீர்கள். முடிந்தால் நீங்களும் அவளோடு கிளம்புங்கள். மதிப்புக்குரிய சகோதரிகளே, ஆசிரியைகளே, எங்களுக்கு வாரத்தில் கிடைக்கும் இரண்டு விளையாட்டுப் பாடவேளைகளும் ஜனவரிக்குப் பிறகும், திருப்புதல் தேர்வு நாட்களிலும் தொடர வேண்டும் என்று பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன். அந்த நேரத்தில்தான் எங்களுக்குப் பாரம் அதிகம்.

தோழியரே! சுவரை வைத்துத்தான் சித்திரம் வரைய வேண்டும். நாளை நாம் ஆசிரியையாகலாம், மருத்துவராகலாம், துறவியாகலாம், இல்லத்தரசியாகலாம். எதுவானாலும் சுமை உண்டு. அதை இறக்கி வைத்து ஏற்றும் பழக்கத்தை இன்றே கற்றுக்கொள்வோம். இதைப் படித்து முடித்ததும் இதழை மூடிவைத்துவிட்டு எழுந்திருங்கள். பக்கத்தில் இருப்பவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.